டெக்னிக்ஸ் 1200 வாங்க முடியாதவர்கள்

வினைல் ரெக்கார்ட் எப்படி அச்சாகிறது என்று போன எபிசோட்ல பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "டெக்னிக்ஸ் 1200 மேல ஆசை. ஆனா விலையைப் பார்த்தா தலை சுத்துது. அதுக்குப் பதிலா எதை வாங்கலாம்?"

ஒரு மாடல் பெயரைச் சொல்லிட்டு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம். ஆனா இந்தக் கேள்விக்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கு. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கையில் காசில்லாத பையன்கள் சிலர் இதே கேள்வியோடுதான் அலைந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த பதில்களில் இருந்து ஒரு புது இசையே வளர்ந்தது. அதனால முதல்ல அந்தக் கதை, நடுவுல கொஞ்சம் மோட்டார், கடைசியா ஷாப்பிங்.

மோட்டார்னு சொன்னதும் பயப்படாதீங்க. உங்க வீட்லயே ரெண்டு உதாரணம் இருக்கு. வெட் கிரைண்டரை எடுத்துக்கோங்க. அடியில ஒரு மோட்டார் வேகமா சுத்தும். ஒரு பெல்ட் அந்த வேகத்தைக் குறைச்சு பாத்திரத்துக்குக் கொடுக்கும். மாவு கெட்டியானா பெல்ட் வழுக்கும், பாத்திரம் நிக்கும். இது பெல்ட் டிரைவ். இப்ப தலைக்கு மேல இருக்கிற ஃபேனைப் பாருங்க. அங்க பெல்ட் கிடையாது. மோட்டாரோட வெளி ஓடுதான் சுத்துது, அதுலயே இறக்கையை முடுக்கியிருக்காங்க. இதுதான் டைரக்ட் டிரைவ். டெக்னிக்ஸ் 1200 அடிப்படையில் இந்த இரண்டாவது ரகம். ரெக்கார்டைத் தாங்குகிற தட்டின் அடியில் காந்த வளையம் இருக்கிறது. தட்டே மோட்டாரின் ஒரு பாகம்.

கேட்க எளிமையா இருக்கு, இல்லையா? ஆனா எல்.பி. ரெக்கார்ட் நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுதான் சுத்தணும். சாதாரண மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுத்தும். மெதுவாகவும் வேணும், சீராகவும் வேணும்னா சாதாரண மோட்டார் அதிரும், திக்கித் திக்கி ஓடும். அதனால்தான் 1960கள் வரை எல்லாரும் வேகமான மோட்டாரை வைத்து, நடுவில் ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ போட்டு வேகத்தைக் குறைத்தார்கள். ரப்பர் சக்கர ரகத்தில் இங்கிலாந்தின் காரார்ட் 301 இன்றும் பேர் பெற்றது. நல்ல இழுவை உண்டு. ஆனால் மோட்டாரின் உறுமல் அந்தச் சக்கரம் வழியாகவே ஊசி வரைக்கும் வந்துவிடும் அபாயமும் உண்டு.

ஜப்பானின் ஒசாகாவில், மட்சுஷிடா நிறுவனத்தில் (இன்றைய பானாசோனிக்) ஷூயிச்சி ஒபாட்டா என்ற பொறியாளர் இந்த இடைத்தரகரையே தூக்கிவிட்டார். அவர் குழு வடிவமைத்த எஸ்.பி-10, டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள்களுக்கு முன்னோடி. 1969-ல் அறிமுகமாகி அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்தது. அது வானொலி நிலையங்களை மனதில் வைத்துச் செய்த கனமான இயந்திரம். வீட்டுக்காக 1971-ல் எஸ்.எல்-1100 வந்தது, 1972-ல் எஸ்.எல்-1200. வசதியான வீட்டு ஹாலில் அமைதியா உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவருக்காகச் செய்த பொருள் இது. ரெக்கார்டு மேல யாராவது கையை வைப்பாங்கன்னு அப்ப ஒசாகாவில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டாங்க.

இப்ப நியூயார்க் போவோம்.

1973 ஆகஸ்ட் 11. பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ, 1520-ஆம் எண் கட்டடம். தரைத்தளப் பொது அறையில் ஒரு பார்ட்டி. நடத்தியது சிண்டி கேம்ப்பெல் என்ற பெண். பள்ளி திறக்கப் போகுது, புதுத் துணி வாங்கக் காசு வேணும், அதுதான் நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டது அவருடைய அண்ணன் கிளைவ் கேம்ப்பெல், ஜமைக்காவில் பிறந்தவர். ஊருக்குத் தெரிந்த பேர் டிஜே கூல் ஹெர்க்.

ஹெர்க் ஒன்றைக் கவனித்திருந்தார். பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியா வரும் அந்தச் சில நொடிகளில்தான் கூட்டம் வெறித்தனமா ஆடுது. அதனால் ஒரே ரெக்கார்டில் ரெண்டு பிரதி வாங்கி, ரெண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றதில் அதையே போட்டார். சில நொடிகள் பல நிமிஷமாச்சு. ஹெர்க்கின் சவுண்ட் சிஸ்டத்தில் இடம்பிடித்தது டெக்னிக்ஸ் எஸ்.எல்-1100. ஆனால் அவர் ஊசியைக் கண் மதிப்பில்தான் இறக்குவார். ஒரு தாளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும்.

அந்தத் தடுமாற்றம் ஒரு பையனுக்குப் பொறுக்கவில்லை. ஜோசஃப் சாட்லர், பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். இவர் படித்தது சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்கல்விப் பள்ளியில், எலக்ட்ரானிக்ஸ். கைவிடப்பட்ட கார்களிலும் குப்பையிலும் கிடந்த ரேடியோ, ஸ்பீக்கர்களைப் பொறுக்கி வந்து பிரித்துப் பார்க்கிற ரகம். நம்ம காலேஜ்ல ஹாஸ்டல் ரூம் முழுக்க ஒயரா வச்சிருப்பானே ஒருத்தன், அந்த ரகம்தான். ஆனா ஆய்வகம் கிடையாது, காசும் கிடையாது.

ஃபிளாஷ் கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "எந்த டர்ன்டேபிள் சிறந்தது"ன்னு அவர் கேக்கல. "எனக்கு வேண்டிய வேலையை எது செய்யும்"னு கேட்டார். அவருக்கு வேண்டியது இதுதான்: தட்டு சுத்திக்கிட்டே இருக்கணும், மேல இருக்கிற ரெக்கார்டை மட்டும் விரலால நிறுத்தணும், விட்டதும் அது உடனே வேகம் பிடிக்கணும். ஒலித் தரம், அழகு, பிராண்ட் எல்லாம் அப்புறம். முதலில் இழுவிசை, அதாவது டார்க். கிடைத்த டர்ன்டேபிள்களை எல்லாம் அவர் இந்த ஒரே அளவுகோலால் சோதித்துத் தள்ளினார்.

தட்டுக்கு மேல வழக்கமா ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். அது ரெக்கார்டை இறுக்கிப் பிடிச்சுக்கும். ரெக்கார்டை நிறுத்தினா தட்டும் நிக்கும். ஃபிளாஷின் அம்மா தையல் தெரிந்தவர், அதனால் வீட்டில் துணி ரகங்கள் பற்றிய அறிவு இருந்தது. ஃபெல்ட் துணியை வட்டமா வெட்டினார். அது தொளதொளன்னு இருந்ததால் அம்மாவிடம் இருந்த ஸ்டார்ச்சை அடித்து இஸ்திரி போட்டார். ஆமாம், நம்ம வீட்ல பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவாங்களே, அதே டெக்னாலஜி. விறைப்பான அந்த வட்டத்துக்கு 'வேஃபர்' என்று பேர் வைத்தார். இன்னிக்கு உலகம் முழுக்க ஸ்லிப்மேட்னு விக்கிறது அதோட சொந்தக்காரன்தான்.

இங்க ஒரு நியாயம் சொல்லணும். ஃபெல்ட் யோசனை ஃபிளாஷுக்கு முன்னாடியே இருந்தது. வானொலிக்காரர்கள் பாட்டைச் சரியான நொடியில் தொடங்க அதைப் பயன்படுத்தினார்கள். நியூயார்க் கிளப்களில் பிரான்சிஸ் கிராசோ அதே நுட்பத்தைக் கொண்டு வந்திருந்தார். ஃபிளாஷ் தன் சமையலறையில் தனியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்தது, எந்த இடத்தில் தாளம் தொடங்குகிறது என்று ரெக்கார்டு மேலேயே கிரேயானால் கோடு போட்டார். கடிகார முள் மாதிரி அந்தக் கோடு எத்தனை சுற்று திரும்ப வரணும்னு கணக்கு. வினைல் மேல விரல் படுறதே பாவம்னு நினைத்த காலத்தில் இது பெரிய அட்டூழியம். அடுத்த பாட்டை ஹெட்போனில் முன்கூட்டியே கேட்கும் வசதி அப்போது பீட் டிஜே ஜோன்ஸ் மாதிரி பெரிய டிஜேக்களின் மிக்ஸரில் இருந்தது. ஃபிளாஷின் மிக்ஸரில் இல்லை. அவர் ஒரு சாதாரண ஸ்விட்சை வாங்கி, வயரிங் செய்து, தானே அந்த வசதியை ஒட்ட வைத்தார்.

இப்ப கொஞ்சம் கணக்கு. டார்க்னா என்ன? 1200-இன் பிற்கால மாடலான மார்க் 2-இன் தொடக்க டார்க் 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். மையத்தில் இருந்து 1 செ.மீ. தூரத்தில் ஒன்றரைக் கிலோ விசை என்று அர்த்தம். 12 அங்குல ரெக்கார்டின் விளிம்பு மையத்தில் இருந்து சுமார் 15 செ.மீ. 1.5-ஐ 15-ஆல் வகுத்தா 0.1. அதாவது விளிம்பில் வெறும் 100 கிராம் விசை. ஒரு பெரிய தக்காளியோட எடை. உலகப் புகழ் பெற்ற அந்த இழுவை இவ்வளவுதான்! ஆனா அந்தக் காலத்துப் பல பெல்ட் மாடல்கள் விரல் பட்டாலே சோர்ந்து போகும். அதோட ஒப்பிட்டா இது யானை பலம். தட்டு 33⅓ வேகத்தைப் பிடிக்க 0.7 நொடி போதும்.

வீட்ல சும்மா பாட்டுக் கேக்கிறப்ப ஊசி ரெக்கார்டை எவ்வளவு பின்னால இழுக்கும்? ஊசியின் எடையே சுமார் 2 கிராம்தான். அதனால வர்ற உராய்வு ஒரு கிராமுக்கும் கீழ. ஒரு கிராமை ஜெயிக்க 100 கிராம் எதுக்கு? இந்த இடத்தை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

காசில்லாத கதைக்குத் திரும்புவோம். 1977 ஜூலை 13 இரவு நியூயார்க் முழுக்க மின்சாரம் போனது. கடைகள் சூறையாடப்பட்டன. மின்சாரக் கருவிக் கடைகளும் தப்பவில்லை. அந்த இரவில் ஒரு மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு வந்ததாக கிராண்ட்மாஸ்டர் காஸ் பிற்காலத்தில் தானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதுக்கு அப்புறம் பிராங்க்ஸில் டிஜே குழுக்கள் திடீர்னு பெருகின என்பது அந்த வட்டாரத்தில் ரொம்ப நாளாக உலவுகிற கதை. ஒரே இரவுதான் ஹிப்-ஹாப்பைப் பரப்பியது என்று நான் நம்ப மாட்டேன். ஹெர்க், ஃபிளாஷ் எல்லாம் அதுக்கு முன்னாடியே களத்தில் இருந்தாங்க. ஆனா அந்தக் கதை ஏன் இவ்வளவு நாள் உயிரோட இருக்குன்னு யோசிங்க. கருவி கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கத்துக்க ஆசை இருந்தவங்க நிறைய, வாங்க முடிஞ்சவங்க கொஞ்சம்.

1979-ல் டெக்னிக்ஸ் இந்த உலகத்தைப் பார்த்து 1200-ஐ மாற்றியது. மார்க் 2 வந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க முன்பு இருந்த சின்னத் திருகுக்குப் பதிலா நீளமான ஸ்லைடர், எட்டு சதவீதம் மேலும் கீழும். குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு வேகக் கட்டுப்பாடு. ஸ்பீக்கர் அதிர்வைத் தாங்கக் கனமான அடிப்பாகம். அடுத்த முப்பது வருஷத்துக்குப் பெரிசா எதையும் மாத்த வேண்டி வரல. சாஃப்ட்வேர் ஆளா எனக்கு இது பொறாமையா இருக்கு. நாங்க போன மாசம் போட்ட ரிலீஸே இப்ப பழசு.

ஆனா டைரக்ட் டிரைவ்தான் ஒரே வழின்னு எல்லாரும் ஒத்துக்கல. நியூயார்க்கில் லாரி லெவன் ஆண்ட பாரடைஸ் கராஜ் கிளப்பில் இருந்தவை தோரன்ஸ் டிடி 125, அதாவது பெல்ட் டிரைவ். கை மென்மையா இருந்தா பெல்ட்டிலும் உலகத்தரமா கலக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தோரன்ஸ் மலிவானது இல்லை, அது வேற விஷயம்.

வீட்டுப் பக்கம் பார்த்தா வரலாறு இன்னும் சுவாரசியம். 1961-ல், டைரக்ட் டிரைவ் பிறப்பதற்கு முன்பே, அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தில் எட்கர் வில்சர் ஒரு பெல்ட் டர்ன்டேபிள் செய்தார். ஊசிக்கை உட்பட விலை 58 டாலர். தட்டையும் ஊசிக்கையையும் ஒரே சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்கில் மிதக்க விட்டார். மோட்டார் தனியா, அது நடுங்கினாலும் ஊசிக்கு எட்டாது. பல மடங்கு விலையுள்ள கருவிகளோடு போட்டி போட்டது. 1970களில் பிரிட்டனில் லின், ரீகா நிறுவனங்கள் பெல்ட்டையே பிடித்துக்கொண்டன. லின் விலை உயர்ந்த பாதையில் போனது. ரீகாவின் வழி வேற: ஸ்பிரிங் வேண்டாம், விறைப்பான லேசான பலகை போதும், செலவை ஊசிக்கையில் போடு. பிராங்க்ஸும் இல்லாம ஒசாகாவும் இல்லாம, காசு குறைஞ்சவனுக்கு மூணாவது பதில் அது. 1990களில் ஆஸ்திரியாவின் ப்ரோ-ஜெக்ட், செக் நாட்டு லிட்டோவெல் ஊரின் பழைய டர்ன்டேபிள் தொழிற்சாலையில் அதே பாதையில் எளிய பெல்ட் மாடல்களைச் செய்தது. சி.டி.யே எதிர்காலம்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்த நேரம் அது.

டெக்னிக்ஸே மலிவு மாடல்கள் போட்டது. 1980ஐ ஒட்டி எஸ்.எல்-பி2, எஸ்.எல்-டி2, எஸ்.எல்-க்யூ2 என்று மூணு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பி என்றால் பெல்ட், டி என்றால் டைரக்ட், க்யூ என்றால் குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள டைரக்ட். எழுத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிடலாம். செகண்ட் ஹேண்ட் தேடுறவங்களுக்கு இன்னிக்கும் இது உதவும்.

1990களில் டிஜே ஆசை உலகம் முழுக்கப் பரவியபோது, ஜெமினி, நூமார்க் போன்ற நிறுவனங்கள் மலிவான பெல்ட் மாடல்களை ஆரம்பப் பயிற்சிக்கு விற்றன. ஒரு தலைமுறை அதில் கற்றுக்கொண்டு, திட்டிக்கொண்டே, டெக்னிக்ஸுக்குக் காசு சேர்த்தது. அதன் பிறகு தைவான் நுழைந்தது. ஹன்பின் என்ற நிறுவனம், பார்க்க 1200 மாதிரியே இருக்கும் டைரக்ட் டிரைவ் மாடல்களைச் செய்து பல பிராண்டுகளுக்குக் கொடுத்தது. அதன் உயர்ந்த ரகத்துக்கு ரசிகர்கள் வைத்த பேர் 'சூப்பர் ஓ.ஈ.எம்.' ஸ்டான்டன், ரீலூப் என்று மேலே ஒட்டிய பேர் மட்டும் மாறும். டார்க் 4.5 கிலோகிராம்-சென்டிமீட்டர் வரை, அதாவது 1200-ஐப் போல மூன்று மடங்கு. நம்ம கணக்குப்படி விளிம்பில் 300 கிராம். காப்பி அசலைத் தாண்டிப் போன இடம் இது, குறைஞ்சபட்சம் டிஜேக்கு ரொம்பத் தேவையான அந்த ஒரு விஷயத்தில்.

2010-ல் பானாசோனிக் 1200 உற்பத்தியை நிறுத்தியது. அதுவரை 30 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. பழைய மாடல்களின் விலை ஏறியது. காலி இடத்தைப் பார்த்து 2014-ல் பயனியர் பி.எல்.எக்ஸ்-1000-ஐ இறக்கியது, சுமார் 700 டாலர். 2016-ல் மிச்சிகோ ஒகாவா தலைமையில் டெக்னிக்ஸ் திரும்பி வந்தபோது ரசிகர்கள் கொண்டாடத் தயாரா இருந்தாங்க. விலை 4,000 டாலர்! முதல் பதிப்பு 1,200 எண்ணிக்கை மட்டும். மோட்டாரே புதுசு, திக்கல் வராமல் இருக்க இரும்புக் கரு இல்லாத வடிவம். பொறியியலா பார்த்தா அற்புதம்தான். ஆனா இருட்டில், வியர்வையில், ஓசிக் கரண்டில் இந்தக் கருவிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவங்களுக்கு அது கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. கோபம் பலமா வந்தது. 2019-ல் வந்த மார்க் 7 சுமார் 1,000 டாலர். இறங்கி வந்தாங்க, ஆனா நம்ம ஊருக்கு வரும்போது இறக்குமதி வரியும் சேர்ந்து மறுபடி ஏறிடுது.

சரி, ஷாப்பிங். நீங்க ரெக்கார்டு மேல கை வைக்கப் போறீங்களா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க.

வைக்கப் போறீங்கன்னா டார்க் எண்ணைப் பாருங்க. பி.எல்.எக்ஸ்-1000 அல்லது ரீலூப்பின் மேல் ரகம் நம்பிக்கையா வாங்கலாம். ஆடியோ-டெக்னிகா எல்.பி.120 பார்க்க 1200-இன் தம்பி மாதிரி இருக்கும், விலை அதில் பாதி கூட வராது. ஆனா டார்க் 1200-ஐ விடக் குறைவு. பாட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பழகலாம், முரட்டு ஸ்கிராட்ச் அதோட வேலை இல்லை. வேகத்தின் சீர்மையிலும் வித்தியாசம் உண்டு. மார்க் 2-க்கு நிறுவனம் சொல்ற ஏற்ற இறக்கம் 0.025%, எல்.பி.120-க்கு 0.2%. நீளமா இழுக்கிற வயலின், பியானோ சுரத்தில் கூர்மையான காது அதைப் பிடிக்கும். டிரம்ஸில் பிடிக்கறது கஷ்டம்.

கை வைக்கப் போறதில்லைன்னா, அந்த ஒரு கிராம் கணக்கை ஞாபகப்படுத்திக்கோங்க. உங்களுக்கு டைரக்ட் டிரைவே தேவையில்லை. ரீகா, ப்ரோ-ஜெக்டின் தொடக்க மாடல் ஒண்ணை வாங்கி, மிச்சக் காசை நல்ல ஊசிக்கும் ரெக்கார்டுக்கும் போடுங்க. 1200 மாதிரி தோற்றத்துக்காக மட்டும் மலிவான டைரக்ட் டிரைவ் வாங்குறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். சூட்கேஸ் வடிவ பிளேயர் பக்கமே போகாதீங்க. அதுல ஊசி 5 கிராமுக்கு மேல அழுத்தும், ரெக்கார்டு சீக்கிரம் தேயும்.

பழசு வாங்குறவங்களுக்கு ரெண்டே வார்த்தை. ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்கு வந்த மாடல் 100 வோல்ட்டுக்கானது, நம்ம பிளக்கில் நேரா சொருகினா புகைதான் வரும். அப்புறம், பத்து நிமிஷம் ஓட விட்டுத் தட்டின் விளிம்புல இருக்கிற புள்ளிகளைப் பாருங்க. ஸ்ட்ரோப் விளக்கில் அவை அசையாம நிக்கணும். நகர்ந்துக்கிட்டே இருந்தா வேகம் சரியில்லை, விலையைக் குறைச்சுப் பேசுங்க, இல்ல கிளம்புங்க.

எல்.பி.120 புதுசா வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு ஃபெல்ட் வட்டமும் இருக்கும். கஞ்சி போட வேண்டியதில்லை.